பானை ஓடு சொல்லும் ரகசியம்!

உங்கள் வீட்டு சாம்பாரையும் பக்கத்து வீட்டு சாம்பாரையும் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தாலும், எது உங்கள் வீட்டுடையது என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? இரண்டிலும் அதே பருப்பு, அதே புளிதான். ஆனால், ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடினாலும் குறைந்தாலும் ருசி மாறிவிடும். பானை செய்யும் களிமண்ணும் அப்படித்தான்!

எல்லா ஊர்க் களிமண்ணிலும் சிலிக்கான், அலுமினியம் போன்ற தனிமங்கள் நிறைய உண்டு. ஸ்காண்டியம், தோரியம் போன்றவையோ பத்து லட்சத்தில் சில பங்குதான் இருக்கும். களிமண் எந்தப் பாறையிலிருந்து உண்டானதோ, அதைப் பொறுத்து இந்த அளவு மாறும். பானையைச் சூளையில் சுட்டாலும் இது பெரும்பாலும் மாறாது. இதுதான் களிமண்ணின் கைரேகை!

இந்தக் கைரேகையை எப்படிப் படிப்பது? பானை ஓட்டிலிருந்து ஒரு சிட்டிகை பொடியைச் சுரண்டி எடுத்து, அணு உலையில் வைப்பார்கள். நியூட்ரான்கள் மோதியதும், பொடியில் உள்ள அணுக்களில் சில கதிரியக்கம் பெற்று காமா கதிர்களை வெளியிடும். ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் தனி அடையாளம் உண்டு. அதை அளந்தால் எந்தத் தனிமம், எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் தொல்லியல் அறிஞர்களையும் வேதியியல் அறிஞர்களையும் அழைத்து, இந்த யோசனையைப் பேசவைத்தவர் யார் தெரியுமா? அணுகுண்டு ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஓப்பன்ஹைமர்!

இனி நம் ஊர்ப் புதிருக்கு வருவோம். 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசைகள் கொண்ட மெல்லிய தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. இவற்றை 'ரௌலட்டட்' மட்கலன்கள் என்பார்கள். அந்த அலங்காரம் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தது என்று வீலர் கருதினார்.

பின்னர் இதேபோன்ற ஓடுகள் இலங்கையின் அனுராதபுரத்திலும், 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள செம்பிரானிலும் கிடைத்தன. சோதித்துப் பார்த்தால் ஆச்சரியம்! மூன்று இடத்து ஓடுகளின் களிமண்ணும் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருந்தது. அந்தத் தட்டுகள் ரோமிலிருந்து வரவில்லை. இந்தியாவில் செய்யப்பட்டு, கப்பலேறிப் போயிருக்கின்றன!

இந்தியாவில் எந்த ஊர்? 1997-ல் புனே ஆய்வாளர் விஷ்வாஸ் கோக்டே, எக்ஸ் கதிர்களால் கனிமங்களைச் சோதித்து, வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி என்றார். எல்லோரும் இதை ஏற்கவில்லை, விவாதம் நடந்தது. புதிய மண்ணோடு ஒப்பிட ஒப்பிடத்தான் விடை தெளிவாகும்.

ஆற்றங்கரையிலோ வயல் மேட்டிலோ பழைய ஓடு கண்ணில் பட்டால், அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். களிமண் எந்த ஊர் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். ஆனால், ஓடு எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது என்பதை அந்த இடம் மட்டுமே சொல்லும். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் மூலம் தொல்லியல் துறைக்குத் தகவல் போகட்டும்!