மண்ணுக்குள்ளே கோடி கிருமிகள்! காட்டிக்கொடுக்கும் 1,500 எழுத்துகள்!

ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக் கிருமிகள் இருக்கின்றன. சில, பயிருக்குச் சத்துத் தருகின்றன. சில, மாட்டைக் கொல்கின்றன. காசநோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து, 1943-ல் ஒரு மண் கிருமியிடமிருந்துதான் கிடைத்தது.

ஆகவே, எந்தக் கிருமி எது என்று தெரிய வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பல கிருமிகள் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடித் தட்டில் உணவு வைத்து வளர்க்கலாம். ஆனால், மண் கிருமிகளில் நூற்றுக்கு ஒன்றுதான் அப்படி எளிதில் வளரும். மற்றவை?

இதற்கு வழி காட்டியவர், அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த விஞ்ஞானி கார்ல் வோஸ்.

உயிருள்ள எல்லாவற்றிலும் ரைபோசோம் உண்டு. புரோட்டீன் தயாரிக்கும் சிறு தொழிற்சாலை அது. அதை அமைக்க உதவும் மரபணு ஒன்று, பாக்டீரியாவில் சுமார் 1,500 எழுத்து நீளம் இருக்கும். எழுத்து என்றால் அ, ஆ அல்ல. நாலே வகை ரசாயனப் பொருள்கள்!

இந்த எழுத்துகள் மிக மெதுவாகவே மாறுகின்றன. இரண்டு கிருமிகளின் எழுத்துகளில் வித்தியாசம் குறைவா? நெருங்கிய பங்காளிகள். அதிகமா? தூரத்துச் சொந்தம்.

ரைபோசோமை இப்படி ஒப்பிட்டுப் பார்த்த வோசும் ஜார்ஜ் ஃபாக்சும், 1977-ல் ஒரு செய்தியை வெளியிட்டனர். மீத்தேன் வாயு உண்டாக்கும் கிருமிகள் பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்றனர். பலர் நம்ப மறுத்தனர். பிறகு உலகம் ஒப்புக்கொண்டது.

வளர்க்க வேண்டாம்

இன்று மண்ணிலிருந்தே மரபணுவைப் பிரிக்கிறார்கள். நகல் எடுக்கிறார்கள். எந்திரத்தில் படிக்கிறார்கள். கிருமியை வளர்க்க வேண்டியதே இல்லை!

இதனால் புதிய கூட்டங்கள் வெளிப்பட்டன. அசிடோபாக்டீரியா என்பது ஒன்று. அதில் முதல் கிருமிக்குப் பெயர் வைத்ததே 1991-ல்தான். ஆனால், பல இடங்களில் மண் கிருமிகளில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கூட்டம்தான் என்று தெரிந்தது!

நண்பனா, எதிரியா?

இந்த முறை மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்க விவசாயிகள் தெளிக்கும் ஒரு கிருமியும் உண்டு. இரண்டும் நெருங்கிய உறவு. அந்த 1,500 எழுத்துகளும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே!

ஆகவே, சந்தேகம் வந்தால் வேறு மரபணுக்களையும் படித்துப் பார்க்கிறார்கள். குலம் ஒன்றாக இருக்கலாம். குணம் வேறல்லவா?