புதுப் பெட்டி, பழைய சாவி

கம்ப்யூட்டர் மாற்றுவது அரை நாள் வேலை. சாவியைக் கவனிக்காமல் விட்டால் நிறுவனத்தின் கதவே திறந்துகொள்ளும்.

பெங்களூரிலோ புனேயிலோ ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியருக்குப் புது லேப்டாப் வருகிற நாள், வீடு மாறுகிற நாளைப் போன்றது. பெட்டி பளபளக்கிறது. ஆனால் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. திரையின் நிறம், எழுத்தின் அளவு, அடிக்கடி தட்டும் கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள் என்று வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்ததெல்லாம் பழைய மெஷினிலேயே தங்கிவிட்டன.

இந்தச் சொந்த விருப்பங்கள் குடியிருப்பது சின்னஞ்சிறு ஃபைல்களில். பெயர் புள்ளியில் தொடங்குவதால் இவை 'டாட்ஃபைல்கள்'. யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்களில் இவை சாதாரணப் பட்டியலில் தென்படாது. அது யாரும் திட்டமிட்டதல்ல. ஒவ்வொரு டைரக்டரியிலும் இருக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிப் பதிவுகளைப் பட்டியலில் தவிர்க்க எழுதிய குறுக்குவழி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையுமே மறைத்துவிட்டது என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-ல் விளக்கினார். ஒரு சோம்பேறித்தனம் உலக வழக்கமாகிவிட்டது.

விவரமானவர்கள் இந்த ஃபைல்களை ஒரே இடத்தில் சேர்த்து, லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' மூலம் பாதுகாக்கிறார்கள். புது மெஷினில் ஒரு பிரதி எடுத்தால் பழைய வீடு திரும்பக் கிடைத்துவிடும். பலர் அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படியும் வைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மூட்டை கட்டும் அவசரத்தில் சாவிக்கொத்தும் சேர்ந்து போய்விட்டால்?

அந்தச் சாவியின் கதை 1995-ல் ஃபின்லாந்தில் தொடங்கியது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்டு யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அதற்குப் பதிலடியாக டாட்டு யூலோனென் எழுதியதுதான் 'செக்யூர் ஷெல்'. இதில் சாவிகள் ஜோடியாகப் பிறக்கின்றன. பொதுச் சாவி பூட்டு மாதிரி. எந்த சர்வரிலும் மாட்டலாம். தனிச் சாவி மட்டும் உரியவரின் மெஷினைவிட்டு வெளியே போகக் கூடாது.

போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் சாட்சி. 2014-ல் அதன் இன்ஜினியர் ஒருவர் கிட்ஹப்பில் பகிரங்கமாக விட்டுவைத்த சாவியே தகவல் திருட்டுக்கு வழிவிட்டது. 2016-ல் மறுபடியும் கிட்ஹப்பில் கிடைத்த ரகசியங்களால் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. அதை ஓராண்டு மூடி மறைத்ததற்கும் சேர்த்து, 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. சாவிக் காவலர்களும் தப்பவில்லை. 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் தனிச் சாவி ஒன்றே சிறிது நேரம் பொது இடத்தில் வெளிப்பட, அவசரமாக அதை மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய சாவியையே பென் டிரைவில் போட்டுப் புது மெஷினுக்குக் கொண்டுவந்தால் போதாதா? கூடாது என்பதற்கு டெபியன் லினக்ஸ் பாடம். 2006-ல் அதில் செய்த ஒரு சிறு திருத்தத்தால், அங்கே பிறந்த சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000-க்குள் அடங்கிவிட்டன. திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே கதவு திறக்கும். 2008 மே மாதம் குறை வெளிவந்து சரிசெய்யப்பட்டது. ஆனால் பழைய சாவிகள் எங்கே போனாலும் பலவீனத்தைச் சுமந்துகொண்டே போயின.

ஆக, மெஷினுக்கு ஒரு சாவி என்பதே சரி. லேப்டாப் தொலைந்தால் அதன் பூட்டை மட்டும் கழற்றினால் போதும். புதிதாக எட்25519 வகைச் சாவி உருவாக்கி, அதற்கு ஒரு ரகசியத் தொடரையும் வைத்துவிட்டால் திருடியவன் கையிலும் அது சுலபத்தில் உதவாது. அடுத்து, பழைய மெஷின் வழியாகவே சர்வர்களில் புதுப் பொதுச் சாவியைச் சேர்த்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகே பழைய சாவியை நீக்கிப் பழைய டிஸ்க்கை அழிக்கலாம். வரிசை மாறினால் சொந்த வீட்டு வாசலிலேயே நிற்க நேரிடும்.

இது இன்ஜினியர்களின் கவலை மட்டுமல்ல. டிஜிட்டல் கையெழுத்துக்கும் அடிப்படை இதே சாவி ஜோடிதான். தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்கிறது 2000-ன் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு. கையெழுத்து டோக்கனையும் பாஸ்வேர்டையும் சேர்த்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் கம்பெனி டைரக்டர், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்குச் சமம்.