பழைய மினி டிராக்டர்: பார்வையிடலும் விலைமதிப்பும் சட்டப் பாதுகாப்பும்

தென்னை, வாழை வரிசைகளுக்கு இடையிலும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கு அடியிலும் பெரிய டிராக்டர் நுழைய முடியாது என்பதால், ஏறத்தாழ 15 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான, அகலம் குறைந்த டீசல் டிராக்டர்கள் தனியொரு வகையாகப் பெருகியுள்ளன. மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717, வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180டி, குபோட்டா பி2441 போன்றவை அடங்கிய இவ்வகை, உழவர் வழக்கில் மினி டிராக்டர் எனப்படுகிறது. புதிய வண்டியின் விலை சிறு உழவருக்கு எட்டாதபோது பழைய வண்டிச் சந்தையே அவருக்கு வழியாகிறது. ஆனால் அந்தச் சந்தையில் சட்டம் வாங்குபவரை எல்லா இடத்திலும் ஒரே அளவில் காப்பதில்லை. உரிமையில் குறை இருந்தால் சட்டம் அவருக்கு வலுவாகத் துணைநிற்கிறது; எஞ்சினில் குறை இருந்தால், அதுவும் தனியாளிடம் வாங்கியிருந்தால், பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. ஆகவே எங்கே சட்டம் தளர்கிறதோ அங்கே வாங்குபவரின் கண்ணும் காதும் இறுக வேண்டும்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பொருளை விற்க விற்பவருக்கு உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் உள்ளடங்கிய நிபந்தனையாக்குகிறது. எனவே திருட்டு வண்டி என்று தெரியவந்து காவல்துறை அதைக் கைப்பற்றினால், எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாவிடினும் விற்பவர் விலையைத் திருப்பித் தர வேண்டியவராகிறார். தரத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பொருளின் தரம் குறித்து உள்ளடங்கிய நிபந்தனை எதுவும் பொதுவாக இல்லை. அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், விவரணையின் பேரில் வாங்கும்போது மட்டும் அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுகிறது. இங்கும் ஒரு விலக்கு உண்டு. வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனை பொருந்தாது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர், குறையைக் காணும் வாய்ப்பையும் பின்னர் வாதிடும் வாய்ப்பையும் ஒருசேர இழக்க நேரிடலாம் என்பது பலர் அறியாத செய்தி.

ஆவணங்களைப் பார்ப்பதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்பதால், வண்டியைத் தொடும் முன்பே அவற்றை முடித்துவிடுவது நல்லது. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிலுள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பொறிப்பின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு, அரவை இயந்திரத்தால் அழித்து மீண்டும் அடிக்கப்பட்ட எண்ணை எளிதில் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் எண் மட்டும் மாறியிருந்தால் அது திருட்டு என்றே முடிவுகட்ட வேண்டியதில்லை, எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏற்றப்படாதவரை பெயர்மாற்றம் தடைபடும். கடன் கொடுத்த வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் சான்றில் இருந்தால், அதாவது வண்டி கடனுக்கு ஈடாகப் பிணைக்கப்பட்டிருந்தால், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் பிணைப்பை நீக்கும் 35ஆம் எண் படிவமும் இல்லாமல் பணம் கைமாறக்கூடாது. தவணை தவறியதால் நிறுவனம் கைப்பற்றி விற்கும் வண்டிகள், சந்தைப் பேச்சில் சீஸிங் வண்டிகள், விலை குறைவாகக் கிடைத்தாலும் இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையிலேயே விற்கப்படுபவை. அவற்றை ஓட்டிப் பார்க்கக்கூடச் சில இடங்களில் வாய்ப்புத் தரப்படுவதில்லை. அரசு மானியத்தில் வாங்கப்பட்ட வண்டியாயின் குறிப்பிட்ட காலம் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும் என்பதால், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஞ்சினைச் சோதிப்பதில் முதல் விதி, அது குளிர்ந்திருக்க வேண்டும் என்பதே. வாங்குபவர் வரும்போது வண்டி ஏற்கெனவே ஓடிச் சூடாக இருந்தால், காலையில் அது எவ்வளவு சிரமப்பட்டுக் கிளம்புகிறது என்பது மறைக்கப்படுகிறதோ என்று ஐயுறலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. எனவே பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சின் குளிரில் எளிதில் பற்றாது. கிளம்பியபின் வரும் புகையின் நிறம் அடுத்த சாட்சி. நீலம் கலந்த புகை எஞ்சின் ஆயில் எரிவதையும், சுமையில்லாதபோதும் விடாத கரும்புகை காற்று வடிகட்டியின் அடைப்பையோ இன்ஜெக்டர் எனப்படும் எரிபொருள் பீச்சியின் கோளாறையோ, சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை எரியாத டீசலையோ சிலிண்டருக்குள் கசியும் ரேடியேட்டர் நீரையோ குறிக்கும். குளிர்ந்த நிலையில் சில நொடி வரும் வெண்புகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் அடித்தடித்து ஆவி வெளியேறுகிறதா என்று பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் வளையங்களின் நிலையை அறியும் வழி. ஆயில் அளவுக்கோலில் பால்கலந்தது போன்ற நிறம் தெரிந்தால் நீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்தால் எரிபொருள் கசிகிறது. இரண்டுமே பெருஞ்செலவுக்கு முன்னறிவிப்பு. வழக்கத்தைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி எஞ்சினின் தட்டொலியை அடக்குவது பழைய தந்திரம் என்பதால், ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஓசையை மதிப்பிடும்போது வண்டியின் வகையை நினைவில் கொள்ள வேண்டும். யுவராஜ் 215, சுவராஜ் 717 ஆகியவை ஒரே சிலிண்டர் கொண்டவை. அவற்றின் அதிர்வு இயல்பானது. அதே அதிர்வு மூன்று சிலிண்டர் கொண்ட எம்.டி. 180டியிலோ பி2441லோ இருந்தால், ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லையோ என்று ஐயுற வேண்டும்.

வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் காட்டும் ஹவர் மீட்டர், பழைய டிராக்டரில் மிகுதியாகப் பொய் சொல்லும் உறுப்பு. அதன் கம்பியைக் கழற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது எளிது. மீட்டரையே மாற்றுவதும் கடினமன்று. மிதிகட்டைகளின் ரப்பர் வழவழத்திருப்பது, பின்புறம் கருவிகளைப் பொருத்தும் இணைப்புக் கம்பிகளின் துளைகள் முட்டை வடிவில் அகன்றிருப்பது, ரொட்டவேட்டருக்குச் சுழல்விசை தரும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருப்பது ஆகிய மூன்றும் மீட்டரைவிட நம்பத்தக்க கணக்குகள். புதுப் பெயிண்ட் இம்மூன்றையும் மறைக்காது. ஆறாண்டு வாடகைக்கு ஓடிய வண்டியில் மீட்டர் 900 மணி என்று காட்டினால், ஆண்டுக்கு 150 மணி மட்டுமே ஓடியதாகப் பொருள். வாடகை வண்டிக்கு இது நம்பத்தக்கதன்று.

நெல் வயலில் தொழியடித்த வண்டிக்கும் தோப்பில் மட்டும் உழுத வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கணக்கு காட்டாது. கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் இறக்கப்பட்ட வண்டியில், அச்சு முனைகளின் ஆயில் சீல்கள் வழியே சேறும் நீரும் உள்ளே போயிருக்கலாம். பின் அச்சின் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முன் சக்கரங்களுக்கும் விசை தரும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் முன் அச்சுக்கும் இதே சோதனை தேவை. அந்த இயக்கத்தைத் துண்டிக்காமல் தார்ச்சாலையில் ஓட்டியிருந்தால், முன் டயரின் கட்டைகள் பின் டயரைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும்.

ஹைட்ராலிக் தூக்கியைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பதால் பயனில்லை. ஆயில் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த பம்பும் பாரத்தைத் தூக்கிவிடும். அரைமணி நேரம் வேலை செய்து ஆயில் சூடேறி இளகிய பின்னரே அதன் உண்மை நிலை தெரியும். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தால் அது சில நொடிகளில் தரையிறங்குவது, சிலிண்டர் சீலோ கட்டுப்பாட்டு வால்வோ தேய்ந்துள்ளதைச் சொல்லும். மெல்ல மெல்ல இறங்குவது பழைய வண்டியில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. கிளட்ச்சைச் சோதிக்க, ஆளில்லாத இடத்தில் பிரேக்கை அழுத்தி, உயர் கியரில் கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்று, அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. சுமையோடு ஓட்டும்போது கியர் தானாக நழுவுகிறதா என்பதையும் வயலில் உழுது பார்த்தே அறிய முடியும். வயலில் இறக்கிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பது வீண்.

விலைமதிப்புக்கு வேளாண் பொறியியல் நூல்கள் எளிய வழியொன்றைத் தருகின்றன. டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்றும், ஆயுள் முடிவில் எஞ்சும் மதிப்பைப் புதிய விலையில் 10 விழுக்காடு என்றும் கொண்டு, இடைப்பட்ட தொகையைச் சமமாகப் பகிர்வது அம்முறை. இதற்கு நேர்கோட்டுத் தேய்மானம் என்று பெயர். எடுத்துக்காட்டாக, அதே வகையின் இன்றைய புதிய விலை 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4,50,000 ரூபாய் தேய்மானத்துக்குரியது. ஆறாண்டுப் பழைய வண்டி ஆண்டுக்கணக்கில் 2,70,000 ரூபாய் இழந்து 2,30,000 ரூபாய் பெறும். அதன் மீட்டர் 2,400 மணி காட்டினால், மணிக்கணக்கில் 1,08,000 ரூபாய் மட்டும் இழந்து 3,92,000 ரூபாய் பெறும். விற்பவர் இரண்டாவது கணக்கையும் வாங்குபவர் முதல் கணக்கையும் பேசுவது இயல்பு. மேற்சொன்ன தேய்மான அடையாளங்கள் மீட்டரோடு ஒத்துப்போகுமானால் விலை இரண்டுக்கும் இடையில் அமையலாம். ஒத்துப்போகாவிட்டால் ஆண்டுக்கணக்கே உச்சவரம்பு. அதிலிருந்து டயர், கிளட்ச், பேட்டரி, இன்ஜெக்டர் ஆகியவற்றுக்கான செலவை உள்ளூர்ப் பட்டறையில் கேட்டுக் கழிக்க வேண்டும். உதிரிபாகம் அருகில் கிடைக்காத வகையாயின் எந்தக் கணக்கும் அதை ஈடுசெய்யாது.

விலை முடிந்தபின் எழுதப்படும் ஒப்பந்தமே, முன்னர்ச் சொன்ன சட்டத் தளர்வைச் சரிசெய்யும் கருவி. விவரணையின் பேரில் விற்கப்படும் பொருள் அவ்விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுவதால், எஞ்சின் பிரித்து வேலை செய்யப்படாதது, மீட்டர் மாற்றப்படாதது, வண்டியின் மேல் கடனில்லை என்பன போன்று வாய்ச்சொல்லாக வந்தவையெல்லாம் விற்பவரின் கையெழுத்தோடு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வண்டியை ஏற்றுக்கொண்ட பின் விவரணை பொய்யென்று தெரிந்தால், பொதுவாக விற்பனையை முறிக்க இயலாது. இழப்பீடு கோரலாம், பாக்கித் தொகையிருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். விரிசலைப் பூசி மறைத்தது போன்ற செயல்கள், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறும் மோசடிக்குள் அடங்கும்; அப்போது விற்பனையையே முறிக்க வழியுண்டு. குறையைச் சொல்லாமல் வெறுமனே இருந்தது பெரும்பாலும் மோசடியாகக் கொள்ளப்படுவதில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு எழுத்தில் பொய்ப்பதில் தந்தவரின் நிலை வேறு என்பதால், கேட்டு எழுதி வாங்குவதே வாங்குபவரின் வலிமை.

பெயர்மாற்றத்தில் காட்டப்படும் அலட்சியம் இச்சந்தையின் பெருங்கேடு. பெயர்மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் தேதியிடாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போகும் ‘ஓப்பன் டிரான்ஸ்பர்’ முறையில், நான்காவதாக வாங்குபவர் முதல் உரிமையாளரைத் தேடி அலைய நேரிடுகிறது. அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. விற்றபின்னும் பதிவில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், இவ்விதி விற்பவரையும் காப்பதே. காப்பீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; மூன்றாம் தரப்பினருக்கான பாதுகாப்பு தானாகத் தொடரும் என்றாலும் சொந்த வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு தொடர்வதில்லை. பழைய வாகன வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அச்சான்றைக் காட்டச் சொல்லி வாங்குபவர் கேட்கலாம்.

வணிகரிடம் வாங்கிய வண்டியில் ஏமாற்றம் நேர்ந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை கட்டணம் இல்லை, 1915 என்ற எண்ணில் முன்னதாக உதவியும் கேட்கலாம். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற வாதம் அங்கே எழக்கூடும். தம் உழைப்பால் பிழைக்கத் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு அத்தடை பொருந்தாது என்பது சட்டத்திலேயே உள்ளது. அதன் எல்லையை, கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாயிருந்த லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் விளக்கியது. தம் நிலத்தை உழ வாங்கியவர் இதற்குள் வருவார். ஆள் வைத்துப் பல வண்டிகளை வாடகைக்கு ஓட்டுபவர் வருவது ஐயம். தனியாளிடம் வாங்கியவருக்கு இந்த ஆணையம் பெரும்பாலும் பயன்படாது, உரிமையியல் நீதிமன்றமே வழி. எங்கே போனாலும், பழுதான எஞ்சினைப் பட்டறையில் பிரித்துப் பாகங்களை மாற்றிய பின் புகார் கொடுப்பவரிடம் காட்டுவதற்குச் சான்று எதுவும் எஞ்சியிராது; எனவே பிரிக்கும் முன் விற்பவருக்குப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் எழுத்து அறிக்கை பெற்று, கழற்றிய பாகங்களைத் தூக்கியெறியாமல் எடுத்து வைக்க வேண்டும்.