பழைய கார் வாங்கும்போது விலை பேசுவது எப்படி?

மைசூரு தேவராஜா மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை மொட்டைத் தொட்டுப் பார்த்தே இன்றைய பூவா, நேற்றைய பூவா என்று சொல்லிவிடுவார். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மொத்த வியாபாரியிடம் கால் மணி நேரம் பேசுவார். அவருடைய கணவர் தையல்காரர். சீட்டுக் கட்டிச் சேர்த்த மூன்று லட்சம் ரூபாய் அவர்களிடம் இருக்கிறது.

கணவரின் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆட்டோவில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. ஒரு பழைய கார் வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

கார் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் கன்னடத்தில் பேசினார். இவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். "வாங்க அண்ணா, வாங்க அக்கா" என்றார். காபி வந்தது. ஒரு சிவப்புக் கார். 2016 வண்டி. விலை 3,20,000 ரூபாய்.

பூ விற்பவருக்குப் பேச்சே வரவில்லை. அவருக்குப் பூவைத் தெரியும். காரைத் தெரியாது. தெரியாத பொருளுக்கு எப்படி விலை பேசுவது?

கணவர்தான் வாய் திறந்தார். "ஆயுத பூஜைக்குள் வண்டி வீட்டுக்கு வர வேண்டும்" என்றார். அது பெரிய தப்பு. தசரா நேரத்தில் மைசூரில் பாதிப் பேருக்கு அதே ஆசைதான். நமக்கு அவசரம் என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் விலையைக் குறைக்க மாட்டார். பூக்கடையிலும் இதுதான் நடக்கிறது. முகூர்த்த நாளில் மல்லிகை மலிவாகக் கிடைக்குமா?

கடைக்காரர் அடுத்து ஒன்று சொன்னார். "விலையை விடுங்க அண்ணா. கையில் 60,000 கட்டுங்க. மாதம் 7,000 தான். நான்கு வருஷம்."

மாதம் 7,000 என்றால் சின்னத் தொகையாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நான்கு வருஷத்துக்கு 48 மாதம். 48 தடவை 7,000 கட்டினால் 3,36,000 ரூபாய். முதலில் கட்டும் 60,000 ரூபாயையும் சேர்த்தால் 3,96,000 ரூபாய். 3,20,000 ரூபாய்க் காருக்கு 76,000 ரூபாய் வட்டி! கடன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் முதலில் காரின் விலையைப் பேசி முடிக்க வேண்டும். தவணையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எது விலை, எது வட்டி என்றே தெரியாது.

அடுத்த வாரம் மறுபடியும் போனார்கள். இந்த முறை மகளும் கூட வந்தாள். அவள் பத்தாம் வகுப்பு. கையில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள். தெரிந்த மெக்கானிக் ஒருவரும் வந்தார். அவருக்கு 1,000 ரூபாய் கூலி. அந்த ஆயிரத்தை வீண் செலவு என்று நினைக்கக் கூடாது.

"முதலில் ஆர்.சி.யைக் காட்டுங்க" என்றார் பூ விற்பவர்.

ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று. இப்போது அது அட்டையாக வருகிறது. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் எண்கள் யாருக்கும் ஒன்றுதான். எழுத்துகளை மகள் படித்தாள். எண்களை அம்மா படித்தார். வண்டி எந்த மாதம் தயாரானது, எந்த நாளில் பதிவானது என்று அதில் இருக்கும். 2016-ல் பதிவான வண்டி 2015-ல் தயாரானதாக இருக்கலாம். அப்படியானால் அது ஒரு வயது மூத்த வண்டி. பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வண்டி எத்தனை கை மாறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சேசிஸ் எண் என்று 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒன்று இருக்கும். வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு டயரைப் பார்த்தார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் அச்சிட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பார்க்கப் புதிதாகப் பளபளக்கும். கருப்பு பாலீஷ் போட்டால் எந்த டயரும் பளபளக்கும். ஆனால் எண்ணை மறைக்க முடியாது.

சிவப்புக் காரின் மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. மெக்கானிக் பெடலைக் காட்டினார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் சீட்டும் அமுங்கிக் கிடந்தது. "48,000-க்கு இவ்வளவு தேயாதே" என்றார். பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. முன்பு ஆயில் மாற்றிய ஒர்க்‌ஷாப் ஒட்டிய சீட்டு அது. அதில் எழுதியிருந்த எண்ணைப் பூ விற்பவர்தான் படித்தார். "அடுத்த ஆயில், 80,000" என்று இருந்தது.

48,000 ஓடிய வண்டிக்கு 80,000-ல் எதற்கு அடுத்த ஆயில்? யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்!

கடைக்காரர் உடனே 30,000 குறைக்கிறேன் என்றார். கணவருக்குச் சபலம் வந்தது. சிவப்பு நிறம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "வேண்டாங்க. ஒரு பொய் தெரிந்துவிட்டது. தெரியாத பொய் எத்தனையோ?" என்றார் மனைவி. வெளியே வந்துவிட்டார்கள்.

பிறகு மூன்று கடை ஏறி இறங்கினார்கள். ஒரே மாதிரி வண்டி, ஒரே ஆண்டு. ஒவ்வொரு கடையும் சொன்ன விலையை மகள் எழுதிக்கொண்டாள். 3,10,000, 2,90,000, 2,85,000. இப்போது அவர்கள் கையிலும் ஒரு மார்க்கெட் விலை இருந்தது.

ஒரு கடையில் அதே மாதிரி கார் 2,40,000 ரூபாய்க்கு இருந்தது. நம்பர் டி.என். 43 என்று தொடங்கியது. அது நீலகிரி நம்பர். மைசூருக்கும் ஊட்டிக்கும் தூரம் அதிகமில்லை. அதனால் அந்தப் பக்கத்து வண்டிகள் இங்கே விற்பனைக்கு வரும். ஆனால் வேறு மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்ட வேண்டும். நம்பரும் மாறும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் மலிவு என்று சொல்லக் கூடாது. மைசூரு நம்பர் என்றால் கே.ஏ. 09 அல்லது கே.ஏ. 55. அதில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியில் 3,10,000 சொன்ன கடையில் ஒரு கே.ஏ. 55 வண்டி பிடித்திருந்தது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். இரண்டு டயர் மாற்ற வேண்டும், 8,000. பேட்டரி, 4,000. கிளட்ச், 7,000. இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, அதற்கு 8,000. மொத்தம் 27,000.

"ரொம்ப விலைங்க, குறைச்சுக் கொடுங்க" என்று இவர்கள் கெஞ்சவில்லை. நோட்டைக் காட்டினார்கள். "2,60,000 தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

"விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறதே அக்கா" என்றார் கடைக்காரர். இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் பழைய கார் வியாபாரத்துக்கு வரி 18 சதவீதம் ஆனது உண்மை. ஆனால் அது முழு விலைக்கு இல்லை. வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும்தான். 2,50,000-க்கு வாங்கி 2,80,000-க்கு விற்றால் லாபம் 30,000. வரி 5,400. அதே 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி மட்டும் ஏறி நிற்குமா? பூ விற்பவர் இதைத்தான் கேட்டார்.

அரை மணி நேரம் போனது. 2,75,000-க்கு முடிந்தது.

"பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துட்டுப் போங்க. பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் கடைக்காரர். பல பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெயர் மாறாவிட்டால் வாங்கியவருக்கும் கஷ்டம், விற்றவருக்கும் கஷ்டம். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் காரை விற்றுவிட்டார். வண்டி பல கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தது. விபத்து நடந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீடு தர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்சை மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி மேல் பாங்குக் கடன் இருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்தது என்று பாங்கு கையெழுத்துப் போட்ட படிவம் 35 வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் கடைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசின் அங்கீகாரச் சான்றும் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கோபப்பட்டால் வேறு கடை பார்க்கலாம்.

இவர்கள் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கினார்கள். 2,65,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 10,000 ரூபாய் புது ஆர்.சி. வந்த பிறகு என்று ரசீதிலேயே எழுதி வாங்கினார்கள். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சில வாரம் கழித்துத் தபாலில் ஆர்.சி. வந்தது. பூ விற்பவர் மகளின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சேசிஸ் எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழும் சரியாக இருந்தன. கணவரின் பெயரிலும் எழுத்துப் பிழை இல்லை. அன்று மாலையே போய்க் கடைக்காரரிடம் அந்த 10,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தார்.