விடியலில் பிடிக்கும் முதுகு

சேவுகம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டுமே! ஆனால் தூங்கி எழுந்ததும் குனிவது முதுகுக்கு ஆகாத காரியம்.

இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகக்கூட இருப்போம். மாலைக்குள் அது குறைந்துவிடும். உப்பிய வட்டு எளிதில் வளையாது. 1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு இடுப்புவலி குறைந்தது.

அதனால் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். தோட்டம் பக்கமென்றால் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போகலாம். முதலில் நின்றபடி எட்டும் மொட்டுகள். தாழ்ந்த கிளைகள் அப்புறம். அதற்கும் முழங்காலை மடக்கி உட்காருவது நல்லது.

இளவயதில், மூன்று மாதத்துக்கு மேலாக, தினமும் காலையில் அரை மணிக்கும் கூடுதலாக முதுகு விறைத்து, நடமாடினால் தளர்கிறதா? வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், மூட்டு அழற்சியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்து, சிறுநீரும் கட்டுக்குள் இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.