அமாவாசை வேறு, தலைப்பிறை வேறு

"காலண்டரில் அமாவாசை என்று போட்டிருக்கிறதே, பிறை ஏன் தெரியவில்லை?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

சூரியன் இருக்கும் திசைக்கே சந்திரன் வந்துசேரும் கணம்தான் சங்கமம். அமாவாசைத் திதி முடிவதும் அப்போதே. ஒளிபட்ட பக்கம் மறுபுறம் இருப்பதால் சந்திரன் நமக்குத் தெரியாது.

சங்கமத்திற்குப் பின் கடந்த நேரமே பிறையின் வயது. காலை 10 மணிக்குச் சங்கமம் என்றால், மாலை 6 மணிக்கு வயது 8 மணி நேரம், வெறுங்கண்ணுக்குத் தென்படாது. மறுநாள் மாலை 32 மணி நேரம். மேகமில்லாவிட்டால் மங்கலம்பேட்டை மொட்டைமாடியிலிருந்தே மேற்கு வானில் காணலாம்.

அடுத்த சங்கமம் வரச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகும். ஆகவேதான் மாதம் 29 அல்லது 30 நாள். ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவதால் ரமளான் வருடந்தோறும் முன்னே நகர்கிறது.

வீட்டில் பிறை விவாதம் எழும்போது, காலண்டர் குறிப்பது சங்கமத்தை, மஃரிபுக்குப் பின் நாம் தேடுவது பிறையை என்று பிள்ளைகளுக்கு விளக்குவோம்.