சின்னக் கலப்பையும் பெரிய டிரக்டரும்



மாத்தளை, கேகாலை, குருநாகல் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையோடு ரப்பர், தென்னை, மிளகும் உண்டு. அங்கே கொழுந்து ஏற்றுகிற டிரக்டரே புல் வெட்டவும் மண் கிளறவும் போகும். பழைய சின்ன டிரக்டர் ஓய்ந்துபோய்ப் பெரிய டிரக்டர் வந்தாலும், கலப்பையும் ஸ்லாஷரும் பழையதாகவேதான் கொட்டிலில் கிடக்கும். அப்போது கராஜில் நடக்கும் பேச்சு இதுதான்:

“அண்ணே, பழைய ஸ்லாஷரைப் புது டிரக்டர்ல மாட்டினா பின் லொட லொடன்னு ஆடுதே?”

“ஆடினா ஆடட்டும் தம்பி, இன்னைக்கு ஒரு நாள் வேலைதானே!”

இந்த ஒரு நாள் வேலையில்தான் கை விரலும் போகிறது, கலப்பையும் முறிகிறது. சின்னக் கருவியைப் பெரிய டிரக்டரில் பூட்டலாமா? பூட்டலாம். ஆனால் முறையாகப் பூட்ட வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

மூன்று இடப் பூட்டு

டிரக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. இந்த மூன்று இடத்தில் கருவியைப் பூட்டும் முறையை உண்டாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபர்குசன். 1936இல் இவருடைய முறை பொருத்திய டிரக்டர் விற்பனைக்கு வந்தது. கலப்பை மண்ணை இழுக்கும் பாரம் பின் சில்லை அழுத்தும்படி அவர் அமைத்தார். அதனால் சில்லு வழுக்குவதும், முன்பக்கம் மேலே கிளம்புவதும் குறைந்தன.

இந்தப் பூட்டில் அளவு வகைகள் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டு.

முதலாம் வகை, சுமார் 20 முதல் 45 குதிரை வலு டிரக்டருக்கு. கீழ்ப் பின் 22 மில்லிமீற்றர், அதாவது முக்காலே அரைக்கால் அங்குலம். மேல் பின் 19 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குலம்.

இரண்டாம் வகை, சுமார் 40 முதல் 100 குதிரை வலு வரை. கீழ்ப் பின் 28 மில்லிமீற்றர். மேல் பின் 25 மில்லிமீற்றர், அதாவது ஒரு அங்குலம்.

பழைய கருவி முதலாம் வகை, புது டிரக்டர் இரண்டாம் வகை என்றால் ஓட்டையில் 6 மில்லிமீற்றர் இடைவெளி. தம்பி கேட்ட ‘லொட லொட’ சத்தம் இதுதான்.

புஷ் போடுங்கள்

இடைவெளியோடு ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் பின் சுத்தியல் மாதிரி அடிக்கும். ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். பின் தேயும், வெட்டுப்படும். கருவியை உயர்த்தி வைத்திருக்கும்போது பின் முறிந்தால் ஒரு பக்கம் சரிந்து விழும். பக்கத்தில் நிற்பவர் காலை யார் திருப்பித் தருவார்?

இதற்கென்றே உருக்குப் புஷ் கடையில் கிடைக்கிறது. உள் அளவு சின்னப் பின்னுக்கு, வெளி அளவு பெரிய ஓட்டைக்கு. கீழே இரண்டு, மேலே ஒன்று, ஆக மூன்று வேண்டும். மேல் கைக்குப் போடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவது, தகரம் சுற்றுவது, கம்பி கட்டுவது எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நசுங்கிவிடும்.

இன்னொரு விஷயம். இரண்டாம் வகைக் கையின் பந்து சுமார் 45 மில்லிமீற்றர் அகலம். முதலாம் வகைப் பந்து 35தான். ஆகவே பழைய பின் நீளம் போதாமல், பூட்டு ஊசி போடும் துளை பந்துக்குள்ளேயே மறைந்துவிடலாம். அப்படியானால் ஊசி இல்லாமல் ஓட்டாதீர்கள். பெரும்பாலான கருவிகளில் பின் நட்டுப் போட்டுத்தான் இறுக்கியிருக்கும். அதைக் கழற்றி நீளமான பின் போடச் சொல்லுங்கள்.

செயினை இறுக்குங்கள்

சின்னக் கருவியில் இரண்டு கீழ்ப் பின்களுக்கும் இடையே சுமார் 68 சென்டிமீற்றர். பெரியதில் சுமார் 82. டிரக்டரின் கைகள் ஒவ்வொன்றும் ஏழு சென்டிமீற்றர் உள்ளே வர வேண்டும். கை வரும், ஆனால் பழைய நிலையில் இருக்கும் பக்கச் செயின் சரிப்படாது. இரண்டு பக்கமும் சமமாகத் திருத்தி, கருவி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் சரிவில் திரும்பும்போது கருவி வீசி டயரைக் கிழிக்கும்.

பலம் கூடினால் ஆபத்தும் கூடும்

பழைய டிரக்டர் 35 குதிரை வலு. கலப்பை கல்லில் மாட்டினால் சில்லு வழுக்கும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். புதியது 60 குதிரை வலு. அது நிற்காது. கலப்பைச் சட்டத்தை வளைத்துவிட்டுத்தான் நிற்கும். ஆகவே பழைய வேகத்துக்கு மேலே போக வேண்டாம், ஆழமும் கூட்ட வேண்டாம். ஸ்லாஷரில் தானாக வெட்டுப்படுவதற்கென்றே போட்ட மெல்லிய போல்ட் முறிந்தால் அதே ரகப் போல்ட்டே போடுங்கள். பலமான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர் பெட்டி.

ஸ்லாஷரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாப்டையும் பாருங்கள். ஆறு பல் உள்ளது நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு. 21 பல் உள்ளது 1,000 சுற்றுக்கு. சில பெரிய டிரக்டரில் இரண்டுக்கும் லீவர் இருக்கும். 540 கருவியை 1,000இல் ஓட்டினால் கத்தி பறக்கும். எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடினால் 540 வரும் என்பது டிரக்டருக்கு டிரக்டர் வேறுபடும். பழைய பழக்கத்தை விட்டு, மீட்டரில் உள்ள அடையாளத்தைப் பாருங்கள்.

ஷாப்டின் நீளமும் மாறிவிடும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு, கருவி மிகக் கிட்டே வரும் நிலையில் இரண்டு குழாயும் முட்டுகிறதா, மிகத் தூரம் போகும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஷாப்டின் மூடியைக் கழற்றாதீர்கள். சேலை முந்தானை, சாரம், துண்டு ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும்.

பூட்டும் ஒழுங்கு

அநேகமான டிரக்டரில் வலது கையில்தான் உயரம் திருத்தும் திருகு இருக்கும். அதனால் முதலில் இடது கை, அடுத்து வலது கை, கடைசியில் மேல் கை. கழற்றும்போது தலைகீழாக. டிரக்டர் பின்னுக்கு வரும்போது உதவியாள் சில்லுக்கும் கருவிக்கும் நடுவில் நிற்கவே கூடாது. நின்றபின், பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திய பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஓட்டை சரியாக வந்ததா என்று விரல் விட்டுப் பார்ப்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். கம்பி விட்டுப் பாருங்கள்.

மரம் இழுக்க மேல் கை இடத்தில் செயின் கட்டாதீர்கள். டிரக்டர் நிமிர்ந்து பின்னால் கவிழும்; ஓட்டுபவருக்குக் குதிக்க நேரம் இருக்காது. கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். கலப்பை மேலும் மட்கார்ட் மேலும் யாரையும் ஏற்ற வேண்டாம்.

கேட்க வெட்கப்படாதீர்கள்

மூன்று புஷ், இரண்டு பின், சில பூட்டு ஊசி. இதற்கு ஆகும் செலவு ஒரு கியர் பெட்டிச் செலவில் ஒரு துளிதான். “புஷ் இல்லாமப் பூட்ட முடியாதுங்க” என்று டிரைவர் துரையிடம் சொல்வது வேலைக்குச் சாக்குச் சொல்வதாகாது. அது அவருடைய கடமை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும்.

அப்படியும் வேலையில் காயம் பட்டால், சிறு காயம்தானே என்று லயத்துக்குப் போய்விடாதீர்கள். உடனே அறிவித்து, டிஸ்பென்சரியில் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாக வேலை நேரத்தில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நட்டஈடு வந்தாலும் போன விரல் திரும்பி வராது.

நாளைக் காலையில் டிரக்டரை எடுக்கும் முன் ஒரு தரம் பின்னால் போய், எஞ்சின் நின்றிருக்கும்போதே, பின்னைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் கராஜுக்குப் போங்கள், பிறகு தோட்டத்துக்குப் போகலாம்.